வியாழக்கிழமைக்குள் வெட்டவேண்டிய ஆமை

கையில் கத்தி இல்லாமல் எனில்சாவைப் பார்த்தவர்கள் குறைவு. மகங்கே ஆற்றுத்துறையில் மீன் அறுப்பது அவள் பிழைப்பு. குடித்துவிட்டு அடித்த புருஷனை அதே கத்தியைக் காட்டித்தான் தெருவுக்குத் துரத்தினாள். அதன்பிறகு அவன் அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை.

முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் ஓர் ஆமை வளர்த்தாள். கோடையில் ஆண்கள் காய்ந்த சதுப்புப் புல்லுக்குத் தீ வைத்து ஆமை பிடிப்பார்கள். அப்படி எரிந்த சதுப்பில், முதுகு கருகிக் கிடந்த குஞ்சு அது. பெயர் வைக்கவில்லை. மீன்குடலும் ஆகாயத்தாமரை இலையும் போடுவாள். தண்ணீர் நாறுவதற்குள் இறைத்துக் கொட்டி, சுவரைத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். வெயில் காயச் செங்கல் அடுக்கியிருந்தாள். ஓட்டில் பாசி பிடித்தால் பழைய பல் பிரஷ்ஷால் துலக்குவாள். அது நன்றி காட்டியதே இல்லை. விரல் கிடைத்தால் கடிக்கும்.

புனித வாரத்தில் ஆமைக்கறி கொதிக்காத வீடு அங்கே கிடையாது. ஆனால் பெரிய வெள்ளியன்று இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் ஆண்டவர் உடம்பில் வெட்டு விழும் என்பார்கள். அதனால் வியாழன் பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் வெட்டித் தேங்காய்ப்பாலில் போட்டுவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை, அவள் துறையில் இருந்த நேரத்தில், ஒரே முற்றத்தில் குடியிருந்த தம்பி ஆர்னேதிஸ் சதுப்பைக் கொளுத்திவிட்டு வந்து மூட்டையை அவள் தொட்டியில் கொட்டினான். பிடித்ததை உயிரோடு தண்ணீரில் போட்டுவைப்பது அங்கே வழக்கம்தான். மதியம் அவள் வந்து பார்த்தபோது தண்ணீர் கரிக்குழம்பாகக் கிடந்தது. ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நகத்தால் கிழித்து, கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் கண் பிதுங்கியிருந்தது. கருகிய முதுகைத் தேடினாள். எல்லா முதுகும் கருகியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெத்சபே சிரித்தாள். "பேரு வெச்சிருந்தா கூப்பிட்டாவது பாத்திருக்கலாமேடி."

வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த ஆர்னேதிஸ், "எது உன்னுதுன்னு காட்டுக்கா, விட்டுர்றேன்" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

மீன்குடலைச் சுற்றிய விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். மற்றவை பயந்து ஒதுங்க, ஒன்று மட்டும் நேராக வந்து விரலோடு சேர்த்துக் கவ்வியது. ரத்தம் ஒழுக அதைத் தூக்கினாள்.

கரித்தண்ணீரை விட்டு வெளியே வந்தபிறகுதான் அதன் பருமன் தெரிந்தது; வருஷக்கணக்காக மீன்குடல் தின்ற உடம்பு. ஆர்னேதிஸின் முகம் மாறியது.

"அடேயப்பா, இது ஒண்ணே மூணுக்குச் சமம். முட்டையும் இருக்கும் போல." வெடுக்கென்று பிடுங்கினான். "என் வீட்ல நாலு வாய் இருக்குக்கா. நீ வளக்கறதுக்கு வேற ஒண்ண எடுத்துக்க."

"வெச்சிர்றா."

அவள் பாய்ந்தாள். அவன் முழங்கை அவள் வாயில் இடித்துப் பல் தெறித்தது. ஆமையை வெட்டுக்கட்டைமேல் அழுத்தி, வெட்டுக்கத்தியை ஓங்கினான்.

துள்ளும் மீனைத் தலையில் குத்திப் பலகையோடு நிறுத்துவது எனில்சாவுக்குப் பழகிய குத்து. அவன் இடது புறங்கையில் இறங்கிய கத்தி உள்ளங்கையைத் தாண்டிக் கட்டையில் நின்றது. அவன் அலறிய அலறலில் தெருநாய்கள் குரைத்தன. வெட்டுக்கத்தி கீழே விழுந்தது. ஆமை நழுவி, முற்றத்து மூலையில் கிடந்த செங்கலுக்கு அடியில் போய்ப் புகுந்தது.

கத்தியை உருவினாள். தன் மேலங்கியைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டி, பெத்சபேயோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பிறகு அதே கட்டையில் உட்கார்ந்து, அவன் கொண்டுவந்த ஆமைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஓட்டின் இரு ஓரமும் பிளந்த பிறகும் கால்கள் அவள் முழங்காலைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவன் வீட்டு நாலு வாய்க்கும் போதுமான கறி சேர்ந்தது. இருட்டுவதற்குள் தொட்டியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, தன்னுடையதை விட்டாள்.

மறுநாள் ஆர்னேதிஸ் ஒற்றைக் கையால் கறியும் மரவள்ளியும் தின்றான். தட்டைக் கழுவ வந்தவன் தொட்டியருகே நின்றான்.

"அதுக்கு மட்டும் இன்னிக்குப் பட்டினியா?"

கத்தியைத் தொடக்கூடாத பெரிய வெள்ளி. எனில்சா ஒரு மீனை எடுத்து விரல்களாலேயே வயிற்றைக் கிழித்தாள். முள் குத்தி, நேற்றைய கடிவாயில் மறுபடியும் ரத்தம் வந்தது. குடலைத் தண்ணீருக்குள் நீட்டினாள். ஆமை விரலைத்தான் முதலில் கவ்வியது.