நெட் கொடுக்காத மெஷின்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கையெழுத்தக்கா. அவளுடைய கையெழுத்து அப்படியொன்றும் அழகானதல்ல. கோழி கிளறியதுபோல இருக்கும் என்று அவள் கணவரே சொல்வார். மற்றவர்கள் எழுதியதைத் துணியில் அச்சு அசலாகத் தைத்துக் கொடுப்பாள். அதனால் வந்த பெயர்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டையை அங்கே அவள் தைத்ததே இல்லை. "எத்தனை பேர் கழுத்தைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?" என்று சிரிப்பாள். தொழிற்சாலையை மூடியபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் போட்டாள்.

அவளை வாங்கவைத்தது ஒரே ஒரு வசதி. தாளில் எதையாவது எழுதி மெஷினில் இருக்கும் சின்னக் கேமராவுக்குக் கீழே வைத்தால் போதும். எழுதியவரின் கை நடுக்கம், அடித்தல் திருத்தல் எல்லாம் சேர்த்து ஊசி அப்படியே தைத்துவிடும்.

விற்றவன் ஷோரூம்காரன். முதல் நாளே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டான். மெஷினை வீட்டில் கொண்டுவந்து இறக்கி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். "நெட் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்க்கா. மத்ததையெல்லாம் கம்பெனியே பார்த்துக்கும்" என்றான். அவள் தைத்த முதல் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டான். 'அம்மா நான் வந்துட்டேன்' என்று அவள் மகள் ஐந்து வயதில் எழுதிய சீட்டை வைத்துத் தைத்த துணி அது. அதைக் கண்ணாடி போட்டு ஷோரூம் சுவரில் மாட்டினான். அதைப் பார்த்து எத்தனையோ பேர் வாங்கினார்கள். பழைய காலர் தோழிகள் மூன்று பேர் எதையும் பார்க்காமல், அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக வாங்கினார்கள்.

மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் சால்வையோடு வந்தாள். அவர்கள் வார்டின் தலைமை நர்ஸ் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். கூட வேலை பார்த்த முப்பத்திரண்டு பேரும் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுதத் தெரியாத துப்புரவுப் பணியாளர் ஒரு பூ வரைந்திருந்தார், ஐந்து இதழும் ஐந்து அளவில்.

"பதினோரு மணிக்கு அவங்க தோள்ல போடணும்க்கா. லேட் பண்ணிடாதீங்க."

"நீ போ தங்கம். வியாழக்கிழமையே ரெடியா இருக்கும்."

புதன்கிழமை காலை பதினெட்டாவது கையெழுத்து முடிந்து அடுத்ததைத் தொடங்கும்போதே நூல் அறுந்தது. அது தினமும் நடப்பதுதான். நூல் அறுந்தால் மெஷின் கீச்சென்று கத்தும், திரையில் ஏதோ வாசகம் வரும், வலது கீழ் மூலையில் 'தொடர்' என்று பொத்தான் வரும். இந்தத் தொழிலில் யாரும் அந்த வாசகத்தைப் படிப்பதில்லை. கண் ஊசிக் காதில் இருக்கும். நூலைக் கோத்ததும் விரல் தானாக அந்த மூலைக்குப் போய் அழுத்திவிட்டு வரும். அன்றும் போனது, அழுத்தியது. ஆனால் அன்று அந்த மூலையில் இருந்தது 'ஒப்புக்கொள்கிறேன்'.

திரை கறுத்தபிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். 'மேம்படுத்தப்படுகிறது. அணைக்க வேண்டாம்.' இருபது நிமிடம் கழித்து மெஷின் விழித்தபோது வாழ்த்துச் சொன்னது. பூ டிசைன்கள் புதிதாக வந்திருந்தன. கையெழுத்தைத் தைக்கத் திரையில் அழுத்தும் கேமராவின் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

"அந்த வசதி புது மாடல்ல இருக்கு மேடம்."

"என் மாடல்ல இருந்துச்சேம்மா?"

"இருந்துச்சு மேடம்."

"எங்க போச்சு?"

"உங்க அனுபவத்தை எளிமையாக்கியிருக்கோம் மேடம். பழையபடி மாத்த முடியாது."

அவள் கணவர் பஸ் டிரைவர். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கதையைக் கேட்டுவிட்டு, "நான் ஓட்டிட்டுப் போறப்போ பாதி வழியில ஒருத்தன் ஏறி பிரேக்கைக் கழட்டிட்டு, எளிமையாக்கிட்டோம் சார்னு சொன்னா எப்படி இருக்கும்!" என்றார். அவள் சிரிக்கவில்லை.

"மிச்சத்தைக் கையால தைச்சுடேன்."

"கையால தைச்சா அது என் கையெழுத்தாயிடும்ங்க. அவங்க கேட்டது அதுவா?"

சாயங்காலம் பழைய தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அவள் மெஷினிலும் அதே கதை. "உன் பேச்சைக் கேட்டுத்தானேடி வாங்கினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வியாழக்கிழமை ஷோரூம் திறக்கும்போதே சால்வைப் பையோடு போய் நின்றாள்.

"அக்கா! வாங்க, வாங்க. விஷயம் கேள்விப்பட்டேன். என்னக்கா பண்றது, கம்பெனிக்காரங்க முடிவு. எனக்கே நேத்துதான் தெரியும்."

அவன் முதுகுக்குப் பின்னால் மேஜைமேல் ஒரு மெஷின் இருந்தது. அவளுடையதேதான், அதே மாடல். பக்கத்தில் நேற்று யாருக்கோ தைத்துக் காட்டிய துணி. திரையில் கேமராவின் படம் பளிச்சென்று இருந்தது.

"இதுல மட்டும் எப்படி தம்பி இருக்கு?"

"இது டெமோ மெஷின்க்கா. இதுக்கு நாங்க நெட் கொடுக்கல..."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"எப்பலேர்ந்து கொடுக்கல?"

அவன் மேஜையிலிருந்த பேனாவை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தான். "போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு..."

"நேத்துன்னு சொன்னியே."

அவன் பேனாவை மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தான். ஒரு போன். 'அக்கா, நெட்டை அணைச்சிடுங்க' என்று மூன்று வார்த்தை. தன் மெஷினுக்குச் செய்துகொண்டதை அவளுக்கும் சொல்லியிருக்கலாம். போன மாதம்கூட அவள் வீட்டுப் பக்கம் வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, பேசிவிட்டுத்தானே போனான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சால்வையை மெஷினின் வளையத்தில் பூட்டினாள். கையெழுத்துத் தாளைக் கேமராவுக்குக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது கஸ்டமருக்குக் காட்ட வச்சிருக்கிற..."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் நகர்ந்துகொண்டான்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. நடுவில் நூல் அறுந்து மெஷின் கத்தியது. கோத்தாள். விரல் வலது மூலைக்குப் போய் அந்தரத்தில் நின்றது. வாசகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு அழுத்தினாள்.

கடைசியாக அந்தப் பூ தைபட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். கோணல் இதழ்கள் துணியில் முளைப்பதைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "வரைஞ்சது அப்படியே வருதே! மெஷின் நல்லா இருக்காக்கா?"

ஷோரூம்காரன் அந்தத் தம்பதியின் பின்னால் நின்று அவளிடம் கண்ணாலேயே கெஞ்சினான்.

"இதே மாடல்தான்மா என் வீட்டுலயும் இருக்கு" என்றாள். "நேத்து வரைக்கும் இப்படித்தான் தைச்சுது. நெட் வழியா வந்து கம்பெனிக்காரன் பிடுங்கிட்டான். இதுக்கு மட்டும் நெட் கிடையாது. எனக்கு நெட் கொடுக்கச் சொன்னதும் சார்தான், இதுக்குக் கொடுக்காததும் சார்தான்."

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவனை அவள் சார் என்றாள். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அப்புறம் வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

நூலை வெட்டினாள். சால்வையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி, மேலே ஏறி, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினாள்.

"அக்கா, அது எங்க விளம்பரம்க்கா..."

"என் பொண்ணு கையெழுத்து, சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.