இரண்டு ஃபேன் வேகம்

வெள்ளாயணிக் காயலின் கரையில் குடியிருந்த தாசையன் மாமாவுக்குப் பிழைப்பு இன்வெர்ட்டர் பேட்டரி. தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் சாயங்காலமானால் அரைமணி நேரம் பவர்கட். கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பேட்டரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, முனையில் பூத்த பச்சையை வெந்நீர் விட்டுக் கழுவி வாஸ்லின் தடவுவது, ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய சட்டைகள் அத்தனையிலும் ஆசிட் தெறித்த பொத்தல்கள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போட ஒரே ஒரு பொத்தலில்லாத சட்டையைச் சரசம்மா அத்தை தனியாக எடுத்து வைத்திருந்தார். பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் அடுத்த வீட்டில் குடியேறியவர்கள். அவர்கள் எனக்கு உறவில்லை. மாமா, அத்தை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

இந்த மனிதரிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. கோவளத்தில் நீண்ட காலம் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீட்டு பேட்டரியை மாமாதான் பார்த்துவந்தார். அந்த வெளிநாட்டுக்காரர் சனிக்கிழமைகளில் வெள்ளாயணியில் படகு ஓட்ட வருவார். துணைக்குப் போன மாமா ஓட்டவே கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது அவர் படகை மாமாவிடமே விட்டுப் போனார். பதினான்கு அடி நீளம், ஃபைபர் உடம்பு, ஒரே பாய். நான் வேலைக்காக நான்கு வருடம் பல நாட்டுக் கரைகளில் அலைந்து, விலையுயர்ந்த படகுகளை ஓட்டுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாமாவைப் போல ஓட்டுகிற ஆள் அவர்களில் குறைவு. அவர் பாயைப் பார்க்கவே மாட்டார். தண்ணீரைப் பார்ப்பார். தூரத்தில் காயலின் நிறம் ஒரு கை அகலத்துக்கு மாறும்போதே அவருடைய கையில் கயிறு இளகியிருக்கும். காற்று வந்து சேரும்போது படகு அதற்குத் தயாராக நிற்கும்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு வீட்டின் சன்ஷேடிலிருந்து விழுந்தார். அதன்பின் வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. கயிறு பிடிக்கலாம், சுக்கான் பிடிக்கலாம், துடுப்புப் போட முடியாது. வெள்ளாயணியில் மதியம் கடற்காற்று நன்றாக வீசும். ஆறு மணி வாக்கில் சொல்லாமல் நின்றுவிடும். இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரியில் அப்படி நின்றது. மாமா ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டிருக்கிறார். படகு செக்கு மாதிரி வட்டம் சுற்றியிருக்கிறது. நன்றாக இருட்டிய பிறகு தாமரை பறிக்கிறவர்கள் கட்டி இழுத்து வந்தபோது, நீந்தத் தெரியாத அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"படகைப் பிச்சைக்கனிக்குக் குடுத்திருங்க" என்றார் அத்தை மறுநாள் காலையில்.

பிச்சைக்கனி தோவாளைப் பக்கத்துக்காரர். காயலில் தாமரை குத்தகைக்கு எடுத்துப் பூச்சந்தைக்கு அனுப்புகிறவர். எடையில்லாத அந்தப் படகின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

அடுத்த மாதம் நான் ஊருக்கு வந்தேன். வெளிநாட்டு ஏரிகளில் வயதானவர்கள் பாய்மரப் படகின் பின்னால் சின்ன மின்சார மோட்டாரை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கரைக்கு வருவதைப் பற்றிச் சொன்னேன். மாமா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "எத்தன வோல்ட்டு?" "பன்னெண்டு." "எத்தன ஆம்பியர் இழுக்கும்?" எனக்குத் தெரியவில்லை. துபாயில் இருந்த மகன் விபினுக்குப் போன் போட்டார். மீன்பிடி சாமான் கடையில் தேடிப் பிடித்து, ஊருக்கு வந்த நண்பன் கையில் விபின் கொடுத்தனுப்பினான். ஒரு நீளக் குழாய். கீழே உருண்டையான மோட்டாரும் விசிறியும். மேலே கைப்பிடியும், ஒன்றிலிருந்து ஐந்து வரை திருகும் ஒரு குமிழும்.

முதல் வெள்ளோட்டத்தில் மாமா செய்த தப்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வீடு வீடாகப் போய், "கார் பேட்டரி வேற, இன்வெர்ட்டர் பேட்டரி வேற. ஒண்ணு தள்ளிவிடதுக்கு, மத்தது நின்னு ஓடதுக்கு" என்று பாடம் நடத்துகிற மனிதர், படகும் ஒரு வண்டிதானே என்று பழைய கார் பேட்டரியைத் தூக்கி வைத்துவிட்டார். குமிழை ஐந்துக்குத் திருகினார். படகு பாய்ந்தது. கரையில் அத்தை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, இருபது நிமிடத்தில் காயலின் நடுவில் மோட்டார் செத்தது. மறுபடியும் தாமரைக்காரர்கள். மறுபடியும் கயிறு.

"லிபி மோளே, ஆரிட்டயும் சொல்லாத. தொழிலுக்கே நாணக்கேடு" என்றார் என்னிடம்.

ஆனால் அன்றைக்கே அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. யாரோ கழித்துப் போட்ட இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி ஒன்று கொட்டகையில் கிடந்தது. பழைய பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். புதிது கேட்டால் அத்தை என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். பத்து நாள் அதைத் தேற்றினார். பின்பாரத்தில் படகு குந்தாமலிருக்க, ஆள் வைத்துத் தூக்கிப் பாய்மரத்தின் அடியில் உட்கார்த்தினார். அங்கிருந்து மோட்டாருக்கு வெல்டிங் கேபிள் இழுத்தார். மெல்லிய வயரில் பாதிக் கரண்ட் சூடாகவே போய்விடுமாம். பிறகு ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டர் வைத்து அளந்து, குமிழைச் சுற்றிச் சிவப்பு எனாமலில் தமக்குத் தெரிந்த கணக்கில் எழுதினார். ஒன்றில் 'ஒரு ஃபேன்'. இரண்டில் 'ஃபேன், டியூப்'. மூன்றில் 'இரண்டு ஃபேன்'. நான்கில் 'மூன்று ஃபேன்'. ஐந்தில் 'மிக்சி'.

"மூணுல வச்சா இந்தக் கெழட்டு பேட்டரி ரெண்டு மணிக்கூர் ஓடும். அஞ்சுல கா மணிக்கூர். வேகத்துல அத்தற வித்தியாசம் ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றார்.

அத்தையிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டோம்.

"ஒரு பிராவசியம் கூடி, ஒரே ஒரு தடவ" என்றார் அத்தை. "நானும் ஏறுவேன். காத்து நின்னதுக்கு அப்பறம், இருட்டுக்கு முன்ன நான் கரையில கால் குத்தணும். நடுவுல நின்னா படகு பிச்சைக்கனிக்கு. பின்ன வாய தொறந்து மிண்டப்பிடாது."

"சாட்சிக்கு நானும் வாறேன் மைனி" என்றார், படகைப் பார்த்துப் போக வந்திருந்த பிச்சைக்கனி. "அந்தப் பாய் எனக்கு வேண்டாம். அண்ணாச்சியே பெட்சீட்டா வச்சுக்கிடட்டும்."

"ஓய், நான் இன்னும் சாகல்ல" என்றார் மாமா.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாலு பேர் ஏறினோம். அத்தை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மாமா தெற்குக் கோடிக்குப் பாயிலேயே கொண்டுபோனார். ஒரு இடத்தில் படகு சாய்ந்தபோது அத்தை "யேசுவே" என்றார். மாமா ஒரு விரற்கடை கயிறு விட்டதும் அது நிமிர்ந்தது. ஐந்தே முக்காலுக்குக் காற்று நின்றது. தண்ணீர் எண்ணெய் மாதிரி ஆயிற்று. மாமா பாயை இறக்கிச் சுருட்டினார், மோட்டாரை நீருக்குள் தாழ்த்தினார், மூன்றில் வைத்தார். மெல்லிய முனகல் கேட்டது.

"ஓடுதா?" என்றார் பிச்சைக்கனி.

"ஓடுது."

"கரை அங்கயே நிக்கே."

"கரை நிக்கத்தான் செய்யும். நம்மதான் போணும்."

பாதி தூரத்தில் முனகல் சற்றே கனத்தது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மாமா சட்டென்று நிறுத்தி இடது கையால் மோட்டாரைத் தூக்கினார். விசிறியில் தாமரைத் தண்டு நாலு சுற்றுச் சுற்றியிருந்தது.

"எல்லாம் ஓய் உம்ம சரக்குதான்" என்று அறுத்துப் போட்டார். மறுபடி ஓடவிட்டதும், பேட்டரி முனை சூடாகியிருக்கிறதா என்று பார்க்க முன்னால் போகவேண்டியிருந்தது. "சரசம்மா, இதக் கொஞ்சம் பிடி. அந்தத் தென்னைக்கு நேரா" என்று கைப்பிடியை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து போனார்.

கிழக்கே மலைப்பக்கம் கறுத்து வந்தது. ஒரு இடி உருண்டது. பிச்சைக்கனிக்கு ஏழு மணிக்குப் பூ ஏற்றும் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

"மைனி, அந்தத் திருகை அஞ்சுல போடும். பத்து நிமிசத்துல கரையேறிரலாம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். குமிழ் அத்தையின் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிச்சைக்கனியைத் திருகவிட்டால் போதும். ஏற்கெனவே பாதி இறங்கிய பழைய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், படகு நடுவில் நிற்கும், அத்தை விதித்தபடியே எல்லாம் முடிந்துவிடும். அத்தையை யாரும் குற்றம் சொல்லமுடியாது. அத்தைக்கும் அது தெரியும் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். இரண்டு மாதமாக அவர் வேண்டி நின்றதும் அதுதான்.

அத்தை பிச்சைக்கனியின் கையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"கைய எடும் ஓய். பவர்கட்டு நேரத்துல உங்க வீட்டுல மிக்சி போடுவியளா?"

"எங்க வீட்டுல இன்வெர்ட்டரே இல்லையே மைனி."

"அதான்."

மாமா திரும்பிப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்தது. கைப்பிடியை வாங்கிக்கொள்ள அவர் எழுந்து வரவில்லை. பேட்டரியின் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் எடது பக்கம்" என்றார்.

"எனக்குக் கண்ணு உண்டு" என்றார் அத்தை.

இடி இரண்டு முறை இடித்தது. வேகம் மூன்றிலேயே இருந்தது. காயல் கரைமேல் போகும் பண்ட் சாலையில் ஸ்கூட்டர்கள் விளக்கைப் போட ஆரம்பித்தபோது கரைக்குப் பத்தடி இருந்தது. வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. படகு புல்லில் உரசி நின்றது. அத்தை குமிழைத் தாமே அணைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் காலை வைத்தார். முதல் மழைத்துளிகள் விழுந்தன.

நாங்கள் மூவரும் அவர் சொல்லப்போவதற்காகக் காத்து நின்றோம்.

"அந்த பேட்டரி நனையுது பாருங்க" என்றார் அத்தை. "அதுக்கு ஒரு பெட்டி அடிக்காம அடுத்த சனியாழ்ச்ச ஆரும் தண்ணியில எறங்கப்பிடாது."

பிச்சைக்கனி என் காதருகே, "அப்பம் படகு எனக்கில்ல, அல்லே?" என்றார்.

"அத்தைட்ட கேட்டுப் பாருங்க."

அவர் அடிபட்ட கையைத் தடவிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். மழையில் வண்டியைப் பிடிக்க ஓடினார். மாமா ஏற்கெனவே சட்டையைக் கழற்றி பேட்டரியின் மேல் போர்த்திவிட்டு, பெட்டிக்கு எவ்வளவு பலகை வேண்டும் என்று இடது கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.