மூன்றாவது அதட்டல்

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் அவருக்குச் சமையல் வேலை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் கூப்பிட்டது 'கேடி அண்ணன்' என்றுதான். ஒத்திகைக்குத் திருடன் வேண்டுமென்றால் ரப்பர் கத்தியோடு அவர்தான் வந்து நிற்பார். பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன், அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுவார்.

"கத்தியைக் கீழ போடு!" என்று முதல் தடவை அதட்டினால் முறைப்பார். இரண்டாவது தடவை ஓரடி முன்னால் வருவார். மூன்றாவது தடவை போட்டுவிடுவார். அடுப்பில் உலை கொதிக்குமே, எவ்வளவு நேரம்தான் திருடனாக இருப்பது?

போன வருஷம் பயிற்சி முடித்த பெண்ணொருத்தி, 'அண்ணன்' என்னாமல் வாய் நிறைய "மாமா" என்று அவரைக் கூப்பிட்டவள், ஒரு வீட்டுச் சண்டையை விலக்கப் போன இடத்தில் கத்திக்குத்துப் பட்டுச் செத்துப்போனாள். கூடப் போன ஏட்டு சமையலறைக்கே வந்து சொன்னார்.

"மூணு தடவை சத்தம் போட்டுச்சுண்ணே. அப்புறம் அவன் கத்தியைப் போட்டுட்ட மாதிரியே கிட்டப் போய்க் கையை நீட்டிடுச்சு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி, யாரும் அதட்டாமலே அவர் கையிலிருந்து விழுந்தது.

அடுத்த ஒத்திகையில், புதிதாகச் சேர்ந்த ஒருவன் மூன்று தடவை அதட்டிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். அவர் ரப்பர் கத்தியை அவன் வயிற்றில் வைத்து அழுத்தினார். சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணே, அடுப்பு!"

"கருகட்டும்," என்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "தள்ளி நின்னு திரும்பக் கத்து. நான் போடமாட்டேன்."