கிளுவை வேலியோரத்துச் சுரைக்காய்

பிஞ்சுச் சுரைக்காயின் தோலில் மெல்லிய சுணை இருக்கும். நகத்தை அழுத்தினால் சட்டென்று இறங்கும். ஒரு சொட்டு நீர் துளிர்க்கும். எங்கள் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் நகக்குறி இல்லாத காயே கிடையாது. முற்றிவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் அழுத்திப் பார்த்துவிடுவார்கள்...

நம் கல்லூரி மலருக்கு ஏதாவது எழுது என்று, எனக்குப் பாடம் சொல்லித்தந்த நீங்கள் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. தாமதத்துக்குக் குழந்தையைக் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்.

படிப்பு முடிந்ததும் கொடுமுடிப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆரம்பப் பள்ளிக்கு நான் வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அங்கே பாதிப் பிள்ளைகள் மத்தியானம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்க முடியாமல்தான் பின்கட்டில் பாத்தி வெட்டினோம். விதை பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தது. கை கழுவிய தண்ணீர் பாத்திக்குப் போனது. ஆடியில் அவரை, வெண்டை, சுரை... அந்தந்தப் பருவத்தில் காய்த்ததை வெள்ளிக்கிழமைதோறும் அவர்களே சமைப்பார்கள்.

சுவரில் விதிகள் எழுதி வைத்திருந்தேன். கை கழுவு. பச்சையாக எதையும் வாயில் வைக்காதே. ருசி பார்த்து எச்சில் பண்ணாதே. இலையில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். ஹைஜீன் பாடத்தில் நான் எப்படி என்று உங்களுக்கு நினைவிருக்குமே.

நாச்சாயி என்று ஒரு பெண். எட்டு வயது. அந்த ஊரில் பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்போடு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் அப்பாவிடம் மூன்று முறை நடந்து, கெஞ்சி, நாலாம் வகுப்பு வரை படிக்கவைக்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். தேங்காமல் வாசிப்பாள். விதிகளை அவள் அளவுக்கு மதித்தவர்கள் யாரும் இல்லை.

அந்தப் புரட்டாசியில் மழை சரியில்லை. பாத்திச் சுரை காய்ந்துவிட்டது. கிளுவை வேலியோரம் யாரும் போடாமல் தானே முளைத்த ஒரு கொடி மட்டும் நிறையக் காய்த்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பறித்து வரச் சொன்னேன்.

நாச்சாயி அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒரு துண்டு நறுக்கினாள். வாய்க்குக் கொண்டு போனவள் என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"டீச்சருங்க, இது தானா மொளைச்ச கொடிங்க. எங்கம்மா எந்தச் சொரக்காயையும் ஒரு துளி நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க அரியும்."

"மூணாவது விதி என்ன?"

"எச்சில் பண்ணக் கூடாதுங்க."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "ஏண்டி, டீச்சருக்கே பாடஞ் சொல்லித் தாரியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் துண்டைச் சட்டியில் போட்டுவிட்டாள்.

கூட்டும் கம்பஞ்சோறும். நான்தான் பரிமாறினேன். இரண்டு வாயிலேயே பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். "கசக்குதுங்க" என்றார்கள். வாரா வாரம் ஏதாவது ஒரு காயைக் கசக்கிறது, வழுக்குகிறது என்று சொல்கிறவர்கள்தானே என்று விட்டுவிட்டேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வேலிக்கு வெளியே வீசிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

நாச்சாயி மட்டும் இலையிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் விதியைச் சொல்லி நிறுத்தியதால் முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். "சாப்பிடு கண்ணு" என்றேன்.

சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் போட்டுவிட்டு நான் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தபோதுதான்... கடுங்கசப்பு, நாக்கில் வைக்க முடியவில்லை. துப்பிவிட்டு ஓடினேன். அவள் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

அரை மணியில் வாந்தி. பிறகு அதில் ரத்தம். அவள் அப்பா வயலிலிருந்து ஓடிவந்தார். சாயந்திர ரயிலில் ஈரோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க அவள் தலை என் மடியில் இருந்தது. "எச்சில் பண்ணலீங்க டீச்சருங்க" என்று ஒரு தடவை சொன்னாள்.

கசக்கிற சுரைக்காய் விஷம் என்றார் டாக்டர். ஆறு நாள். பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தேவலை. தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"நீங்க வேணும்னு செய்வீங்களா அம்மணி. உங்க மேல ஒண்ணும் வருத்தமில்லீங்க. இது பள்ளிக்கூடத்துச் சிலேட்டுங்க, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நாச்சாயி எப்ப வருவா?"

"வரமாட்டாளுங்க. ஊட்டுல தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க வந்து தொலைச்சுப்போட்டா, அப்புறம் இந்தப் படிப்பு எதுக்குங்க?"

சிலேட்டை வாங்கிக்கொண்டேன். மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மோர் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நாச்சாயி ஆடு ஓட்டிக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னார்கள். அவளுடைய பாவாடை கதவிடுக்கில் தெரிந்தது... மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். முன்பு மூன்று முறை போனவள், இந்தத் தடவை இரண்டாம் முறை போகவில்லை.

வெள்ளிக்கிழமைச் சமையல் அதோடு நின்றது. சுவரில் இருந்த விதிகளின் மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன். அடுத்த வருஷம் கல்யாணம். இப்போது கணபதி என்ற ஊரில் குடித்தனம். இங்கேயும் கொல்லையில் சுரை காய்க்கிறது.

என் மகளுக்கு மூன்று வயது. எதைக் கொடுத்தாலும் முதலில் என் நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவளுக்குக் கொடுப்பதில்லை. பழம், பால், கஷாயம்... "தண்ணியையும் ருசி பாத்துட்டுத்தான் குடுப்பியா அம்மணி?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவருக்கு நாச்சாயியைப் பற்றி நான் சொன்னதில்லை. இந்த மலர் வந்தால் படிப்பார்.

அன்று என்னிடம் பதினேழு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் விதிகள், ஒரு துளிப் பயமில்லை. இன்று ஒரே ஒரு குழந்தை. பயத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

நேற்று கொல்லைச் சுரையை அரிந்தேன். வழக்கம்போல ஒரு துண்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. சமைத்து, பிசைந்து, வாய்க்கருகே கொண்டு போனேன். குழந்தை வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடு கண்ணு" என்று எனக்குச் சொல்ல வரவில்லை.