வரவேற்புக்கு மதிப்பெண்

ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பள்ளி இடத்தைக் கிடைக்காமல் செய்தவள் நான். அவளுடைய அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

சின்னத்தனமாகத் தெரிகிறதா? அன்று எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆராய்ச்சியாகத் தெரிந்தது! முனைவர் பட்டம் வாங்கித் தந்த ஆராய்ச்சி... கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் கைதட்டலும் வாங்கித் தந்த ஆராய்ச்சி.

நான் திருப்பூர்க்காரி. தறியிலிருந்து பனியனுக்கு வந்த குடும்பம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஒரு வீட்டின் சூழலைப் பார்த்தே அந்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கும் என்று சொல்லிவிடலாம் என்பது என் ஆய்வின் முடிவு. நல்ல சூழல் என்றால் எந்த வீட்டைப் போல என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டைப் போலத்தான், வேறென்ன!

எங்கள் வீட்டில் கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் முதலில் தண்ணீர்தான் வரும். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடியுங்க" என்று சொல்லி முடிக்காமல் அம்மா யாரோடும் பேச்சைத் தொடங்கியதில்லை. வந்தவரை உபசரிக்கத் தெரிந்த குடும்பம்தான் ஆசிரியரை மதிக்கும், ஆசிரியரை மதிக்கிற குடும்பம்தான் படிப்பை மதிக்கும் என்று நான் நம்பினேன். அதனால் நான் வகுத்த அளவுகோலில் 'வரவேற்பு' என்று ஒரு பகுதி வைத்தேன். அதற்குக் கணிசமான மதிப்பெண்ணும் வைத்தேன்.

ஏற்றுமதி முதலாளிகள் சிலர் சேர்ந்து, பனியன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு நல்ல பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இலவச இடம் தர முன்வந்தார்கள். எழுத்துத் தேர்வு பாதி, வீட்டுச் சூழல் பாதி. வீடுகளைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை என்னிடம் வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்வதில்லை என்பதும் ஏற்பாடு.

எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவள் ஜெனிபா. தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வேலம்பாளையத்தில் ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அம்மா மரியபுஷ்பம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர்.

நான் போனது நல்ல வெயிலில். மரியபுஷ்பம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்.

"உள்ள ஒரே வேக்காடு மேடம். இங்கன நிழல்ல இருங்க."

உள்ளே அழைக்கவில்லை. தண்ணீர் வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்தபடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

"பாப்பாவைப் படிக்க வைக்கணும்னு ஆசை இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஆசை இல்லாமலா மேடம் அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து இங்க கெடக்கோம்?"

நியாயமான பதில். இன்று தெரிகிறது. அன்று அதை எடுத்தெறிந்து பேசுவதாக எடுத்துக்கொண்டேன். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஜெனிபா எட்டிப்பார்த்து, "அந்த ஸ்கூல்ல லைப்ரரி இருக்கா மேடம்?" என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்விக்காக ஆசிரியர்கள் ஏங்க வேண்டும். நானோ, பெரியவர்கள் பேசும்போது பிள்ளை குறுக்கிடுகிறது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து நான் போனது ஒரு சூப்பர்வைசர் வீடு. எங்கள் பக்கத்து ஆட்கள்.

"வாங்க மேடம், ஊட்டுக்குள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோரு குடியுங்க" என்றார் அந்த அம்மா. பையன் கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றான். மோர் ஜில்லென்று இறங்கியது. வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

இடம் அந்தப் பையனுக்குப் போனது. நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துத் தேர்வில் அவன் ஜெனிபாவுக்கு வெகு கீழே இருந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பிறகும் பல வருடங்கள் நிம்மதியாகத் தூங்கினேன்!

போன வருடம், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்கிற என் மாணவி கலைச்செல்வியோடு வேலம்பாளையம் போனேன். அவளுடைய பெற்றோரும் தெற்கிலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீட்டு வாசலில் அதே மரியபுஷ்பம் நின்றார். நான் அவரை அடையாளம் காண்பதற்கு முன்பே அவர் என்னைக் கண்டுகொண்டார். ஜெனிபா பத்தோடு நிறுத்திவிட்டுக் கம்பெனியில் தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறாளாம்.

கலைச்செல்வியிடம் எந்த ஊர் என்று கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள நம் நாட்டில் இது போதும். "உள்ள வா தாயி" என்று அவளை அழைத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். எனக்கு வாசலில் நாற்காலி வந்தது. பிறகு தெருமுனைக் கடைக்குப் போய், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிவந்து, முந்தானையில் துடைத்து என் கையில் தந்தார்.

கலைச்செல்வி வெளியே வந்தாள். "வீட்லயே தண்ணி இருக்கே அக்கா, எதுக்குக் கடைக்குப் போனீங்க?"

மரியபுஷ்பம் சிரித்தார். "மேடத்த எதுக்குச் சங்கடப்படுத்தணும் தாயி? இங்க வந்த புதுசுல வீட்டு ஓனரம்மாவுக்குத் தண்ணி மோந்து குடுத்தேன். வாங்கிட்டாங்க. குடிக்கவும் முடியல, வேண்டாம்னு சொல்லவும் முடியல. டம்ளரக் கையில வச்சிக்கிட்டே நின்னாங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதுல இருந்து நானா யாருக்கும் குடுக்கது இல்ல. அன்னைக்கு மேடம் வந்தப்ப பையில பாட்டில் இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

குத்திக்காட்டவில்லை. மழை வருமா வராதா என்று பேசுவது போலச் சொன்னார்.

வரவேற்புப் பகுதியில் நான் சுழியம் போட்டிருந்தது இவருடைய இங்கிதத்துக்கு! நான் முகம் சுருங்கி நிற்கவும் வேண்டாம், அதை அவர் பார்க்கவும் வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்ட அக்கறைக்கு...

அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாமா? இல்லை. அன்று அவர் தண்ணீர் கொடுத்திருந்தால் நான் குடித்திருப்பேனா? இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தண்ணீர் வரும் என்றேன் அல்லவா? சிலருக்கு வரும் டம்ளர் வேறு. பின்கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. மோர் கொடுத்த வீட்டில் என் பையில் இருந்த பாட்டில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நொடியிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. "எனக்கும் டம்ளர்லயே குடுங்க" என்று கேட்டிருக்கலாம். நான் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

இதுவே என் முழுக் குற்றம் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இனிமேல் சொல்லப்போவதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளம்பும்போது மரியபுஷ்பம் கேட்டார். "மேடம், மனசுல ஒண்ணு கெடக்கு, கேட்டுருதேன். அந்தப் பரிட்சையில இவ சரியா எழுதலையோ? நல்லா எழுதுனேன்னுதான் வந்து சொன்னா. அதுக்கப்புறம் இவளுக்குப் படிப்புலயே நம்பிக்கை விட்டுப்போச்சு. எனக்கு வராதும்மான்னு சொல்லிச் சொல்லியே பத்தோட நின்னுட்டா."

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். என் மாணவி, என்னைப் பெரிய ஆளாக நினைக்கிறவள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். பிள்ளை நன்றாக எழுதினாள், தவறு என்னுடையது... இவ்வளவுதான்.

"மார்க் கொஞ்சம் கம்மியாப் போச்சுங்க" என்றேன்.

மரியபுஷ்பம் தலையாட்டிக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "கேட்டியா பிள்ள? மார்க்குதான் கொறைஞ்சிருக்கு. நாம ஆரையும் தப்பா நெனைக்கக் கூடாது" என்றார்.

"எனக்கு அப்பமே தெரியும்மா" என்றாள் ஜெனிபா. அந்தக் குரலில் வருத்தம்கூட இல்லை.

திரும்பி வந்ததும் அளவுகோலிலிருந்து 'வரவேற்பு' பகுதியை நீக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம், நேரம் அதிகம் பிடிக்கிறது என்று சொன்னேன். வேலம்பாளையம் என் வீட்டிலிருந்து தூரமில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டு, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது... வரவழைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பரிட்சையில் ஜெனிபாதான் முதல். எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.