தன் பந்தைத் தானே பிடிக்கலாம்

கிள்ளானில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். பதினொரு வருஷமாகப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கும் நானே பயிற்றுநர். ஆட்ட விதிகளை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விளையாடின காலத்தில் காதில் விழுந்தது, மற்ற பயிற்றுநர்கள் ஓரத்தில் நின்று கத்தினது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஆட்டம். கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமம். எதிரணிப் பெண் ஒருத்தி கூடைக்கு எறிந்தாள். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. கீழே வந்த பந்தை அவளே ஓடிப்போய்ப் பிடித்து மறுபடியும் போட்டாள். விழுந்துவிட்டது.

"டிராவலிங்! டிராவலிங் ரெஃப்!" கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். எதிலும் படாத தன் பந்தைத் தானே பிடித்தால், அது பந்தைத் தட்டாமல் நடந்த குற்றம் என்பது எனக்குத் தெரிந்த சட்டம்.

நடுவர் என் வயதுப் பெண். புள்ளி சரிதான் என்று கையைக் காட்டினார்.

"ரூல்ஸ் படிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்றேன். என் மாணவிகள் முன்னாலேயே கேட்டேன்.

அவர் விசிலை ஊதினார். நடத்தை சரியில்லை என்று எனக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். அதற்கு எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளியில் தோற்றோம். அதில் ஒன்று என் வாயால் போனது.

மாணவிகளை இன்னொரு டீச்சரோடு வேனில் அனுப்பிவிட்டு, வேனில் இடமில்லாததால் நான் கொமுட்டர் ரயில் ஏறினேன். உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் சீட்டில் அதே நடுவர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுபாங் வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

"கோச் கிள்ளானா?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "நானும் அங்கதான். கிளினிக்ல நர்ஸ். வீக்கெண்ட்ல இந்த வேலை."

பிறகு கைப்பேசியில் விதிப் புத்தகத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க லா. நெசமாவே கூடைக்கு எறிஞ்சிருந்தா, எதையும் தொடாட்டியும் அவங்களே பிடிக்கலாம். டிராவலிங் இல்ல."

மூன்று தடவை படித்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. காது சூடாகிவிட்டது. பதிலுக்கு அவரை மடக்க ஏதாவது கிடைக்காதா என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கிடைத்தது.

"இன்னிக்கு முதல் பாதியில எங்க பொண்ணு எறிஞ்ச பந்து பலகையோட மேல் விளிம்புல பட்டுத் திரும்பி உள்ளதான வந்துச்சு? நீங்க அவுட்னு ஊதினீங்க. இங்க பின்பக்கம் பட்டாத்தான் அவுட்னு போட்டிருக்கே."

வாங்கிப் படித்தார். "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "நாலு வருஷமா அப்படித்தான் ஊதுறேன் கோச்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் விழித்துவிட்டார். இறங்கும்போது நடுவர், "அந்தப் பொண்ணுகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லிடுங்க" என்றார். ரூல்ஸ் படித்தீர்களா என்று கேட்டதற்கு நானும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன் என் மாணவி ஒருத்தி தன் பந்தைத் தானே பிடித்ததற்காக அவளை வெளியே கூப்பிட்டு, ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் திட்டியும் இருக்கிறேன். அவள் இப்போது பெட்டாலிங் ஜெயாவில் கல்லூரியில் படிக்கிறாள். அன்று சாயங்காலமே போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"தெரியும் டீச்சர். அன்னிக்கே வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஷுவரா இருந்தீங்க. பாவமா இருந்துச்சு."

அடக்க முடியாமல் சிரித்தேன், கொஞ்சம் அழுகையும் வந்தது. "இன்னும் விளையாடுறியா?" என்று கேட்டேன். காலேஜ் டீமில் அவள்தான் கேப்டனாம்.

அதற்குப் பிறகு நடுவரும் நானும் சேர்ந்தே நடுவர்களுக்கான விதித் தேர்வு எழுதினோம். அவர் பாஸ். எனக்குப் பாஸாக இரண்டு மார்க் குறைந்துவிட்டது. இப்போது கிளினிக்கில் ஆள் இல்லாத நேரத்தில் வாட்ஸ்அப்பில் எனக்குக் கேள்வி அனுப்புகிறார். தப்பாகப் பதில் போட்டால் விசில் படம் ஒன்று வருகிறது. இந்த வாரம் நான்கு வந்துவிட்டது.