நான் வேக வைத்த ஃபில்டர்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் திருத்தணி மலைக் கோயில் மடைப்பள்ளியில் சமையல். எனக்கும் அதே வேலைதான். துலக்கிய பாத்திரத்தில் முகம் தெரியாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். இந்தப் புத்திதான் இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை சமயத்தில், ஏழு தங்கமீன்களுக்கு எமனாக வந்தது.

மீன்கள் என் மனைவிக்காக வந்தவை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். ஃபேனையும் சுவரையும் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பேச்சே குறைந்துபோயிற்று. என்னைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். முப்பது வருடம் குடித்தனம் செய்தவனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை.

அரக்கோணத்தில் என் வண்டியை வருடக்கணக்காகப் பார்க்கும் மெக்கானிக் பாய், தன் பட்டறையில் ஒரு பெரிய மீன் தொட்டி வைத்திருந்தார். அவர் யோசனைப்படி நானும் சின்னதாக ஒரு தொட்டி வாங்கி, அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். மூன்றாம் நாள் அவள் வாயைத் திறந்தாள். "ஏங்க, அந்த நீள வாலுக்காரி எல்லாம் திருடித் தின்னுறா. பாத்துகினு நிக்கறீங்களே!" நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தொட்டியோடு வந்த ஃபில்டரில், மாதாமாதம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டிய வடிகட்டும் அட்டை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கே வந்த பாய் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"இது ஆவாது சாமி. நாமளே அடுக்கிக்கலாம்."

கீழே கரடுமுரடான ஸ்பாஞ்ச், நடுவில் பீங்கான் வளையங்கள், மேலே வெள்ளைப் பஞ்சு. வளையம் எதற்கு என்று அவர் விளக்கும்போது எனக்கு போன் வந்தது. நான் காதில் வாங்கவில்லை. வடிகட்டுவதுதானே, மடைப்பள்ளிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர் வேறு. அடுத்த வாரமே பஞ்சை எடுத்துவிட்டு, நெய் வடிகட்டுவது போல மல் துணியை இரண்டாக மடித்து வைத்தேன். தண்ணீர் இன்னும் தெளிந்தது. பாயே மெச்சிக்கொண்டார். தலைகால் புரியவில்லை எனக்கு.

கிருத்திகைக்கு முன் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். ஜன்னல் கம்பி வரை துடைத்து முடித்துவிட்டு ஃபில்டரைத் திறந்தேன். ஸ்பாஞ்சும் வளையங்களும் பழுப்பேறி வழவழவென்று இருந்தன. விசேஷ நாளில் வீட்டுக்குள் இப்படி ஓர் அசிங்கமா? அடுப்பில் தண்ணீர் வைத்து, தளதளவென்று கொதித்ததும் எல்லாவற்றையும் அதில் போட்டு எடுத்தேன். புளி போட்டுத் தேய்க்காததுதான் பாக்கி. அத்தனையும் பளிச்சென்று ஆயிற்று.

கிருத்திகை முடிந்த மறுநாள் காலை, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்து மிதந்தது. நீள வாலுக்காரி தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் அந்தச் சுவர்.

பாய்க்கு போன் போட்டேன். "மீன் சாவுது பாய். ஃபில்டரை நல்லா சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்."

"எப்டி சுத்தம் பண்ணீங்க சாமி?"

"கொதிக்க வெச்சு."



"ஐயோ சாமி! அந்த அழுக்குலதான் உசுரு கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. மீன் கழிவைத் தின்னுகினு, தண்ணி விஷமாவாம அதுங்கதான் காப்பாத்துது. மொத்தத்தையும் வேக வெச்சிட்டீங்களே!"

புதிதாக அந்தப் பூச்சிகள் உருவாக ஒரு மாதம் ஆகுமாம். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னார். தீனி போட வேண்டாம் என்றார். "ஒடனே கிளம்பி வாங்க. என் ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வெட்டித் தரேன்."

பட்டறைக்கு நான் போனபோது, தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை ஊற வைத்துத் தயாராக இருந்தார். துண்டு என்றாரே தவிர, பெரிதாகத்தான் இருந்தது. "எங்கிட்ட ரெண்டு கீது சாமி, எட்த்துனு போங்க. காஞ்சிடக் கூடாது" என்று என் தூக்குவாளியில் போட்டு மூடினார். திருத்தணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் வேறு எதையும் பார்க்காமல் ஓடினேன்.

மடி ஆசாரம் பார்த்தே வளர்ந்தவன், அழுக்கு நீரைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த அம்மாள் என் நெற்றியையும் தூக்குவாளியையும் பார்த்துவிட்டு, "பிரசாதமா சாமி?" என்று கேட்டாள்.

"ஆங்" என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாயின் ஸ்பாஞ்சை ஃபில்டரில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, இங்க வாங்க! திருடி எழுந்துட்டா! தீனி கேக்கறா, குடுங்க. எவ்ளோ நேரம் அங்க என்ன பண்றீங்க?" வாயாரத் திட்டினாள். மீதி ஆறு மீன்களும் பிழைத்துக்கொண்டன.

மறுவாரம் வீட்டில் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாயின் தொட்டியில் மீனே இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு புது ஸ்பாஞ்சோடு ஃபில்டர் மட்டும் கலங்கிய தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில், தினமும் தண்ணீர் மாற்றினால்தான் பிழைக்கும் என்ற நிலையில், அவருடைய மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"ரெண்டு இருக்குன்னீங்களே பாய்?"

கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டம்மா படுத்துகினு பாக்கறவங்க சாமி. நானு நின்னுகினு பாக்கறவன். இது இல்லன்னா ரோட்டைப் பாத்துகினு நிப்பேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு மாற்ற வேண்டிய தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன்.